எல்லை தாண்டிய நான்கு பக்கத் தாள்

2018 ஜூலை மாதம் இரண்டாம் வாரத்தில் என் வங்கிக் கணக்கில் 3,200 யூரோவும் அதற்குரிய வட்டியும் வந்து சேர்ந்தன. போலந்தில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளுக்கான கூலி அது. ஓராண்டுக்கு மேலாக அவர்கள் தராமல் இழுத்தடித்த பணம். அனுப்பி வைத்தவர் அந்த ஊர் நீதிமன்ற அமீனா. நான் இருப்பது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில். அந்த அமீனாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் பேசும் மொழியில் எனக்கு நாலு வார்த்தைகூடச் சரியாக வராது. நம் ஊரில் கொடுக்கல் வாங்கலில் ஏமாந்தவர் யாரைக் கேட்டாலும், தீர்ப்பு வாங்குவது பாதி வேலைதான், அதை நிறைவேற்றிப் பணத்தைக் கையில் வாங்குவதுதான் பெரும்பாடு என்று சொல்வார்கள். அந்தப் பெரும்பாடு எனக்கு நேரவில்லை. ஏன் நேரவில்லை என்ற கேள்வியோடுதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. அதை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறு தொகைகளுக்கென்று ஒரு வழக்கு முறை உண்டு. 2009இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் உச்ச வரம்பு 2,000 யூரோ. 2017 ஜூலையில் அது 5,000 யூரோவாக உயர்ந்தது. வழக்கறிஞர் தேவையில்லை. ஒரு படிவத்தில் யார், எவ்வளவு, எதற்காக என்று எழுதி, ஒப்பந்தத்தையும் கடிதங்களையும் இணைத்து, வேலை நடந்த இடத்திலுள்ள நீதிமன்றத்தில் கொடுத்துவிடலாம். நான் டிரெஸ்டனில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து வேலை செய்தேன் என்பதால் டிரெஸ்டன் நீதிமன்றத்திலேயே கொடுத்தேன். எதிர்த்தரப்புக்குப் பதிலளிக்க முப்பது நாள். பதில் வந்தது, மென்பொருளில் குறை இருந்ததாக ஒரு பத்தி எழுதியிருந்தார்கள், ஆதாரம் எதுவும் இல்லை. நீதிபதி எழுத்து வடிவிலேயே வழக்கை விசாரித்து எனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதோடு ஒரு சான்றிதழ் தந்தார்கள். நான்கு பக்கம். சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கும் போலந்துத் தோழி ஒருவர் அதைத் தம் மொழியில் ஆக்கிக் கொடுத்தார். அமீனாவுக்குத் தபாலில் அனுப்பினேன். அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று போலந்தில் ஒரு நீதிபதியும் மறுபடி விசாரிக்கவில்லை. விசாரிக்கவும் கூடாது, எந்தச் சூழ்நிலையிலும் தீர்ப்பின் உள்ளடக்கத்தை நிறைவேற்றும் நாடு மறு ஆய்வு செய்யக் கூடாது என்று அந்த விதி தெளிவாகச் சொல்கிறது.

பணம் வந்த மகிழ்ச்சியில் தோழியை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், விரோத்ஸ்வாஃப் நகரத்துக்காரர், கம்யூனிச ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் சட்டம் படித்தவர். அன்று அவர் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, "உங்கள் தாளை எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். நாளைக்கு எங்கள் ஊர் நீதிபதி கையெழுத்திட்டு இதே போல் ஒரு தாள் உங்கள் பெயருக்கு வந்தால், நீங்கள் கேள்வி கேட்காமல் ஏற்பீர்களா?" என்று கேட்டார். ஒரு வாரத்துக்கு முன்பு, ஜூலை 4ஆம் தேதி காலை, போலந்து உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மவ்கோஜாத்தா கெர்ஸ்டோர்ஃப், அரசு தம்மை ஓய்வு பெற்றவராக அறிவித்த பிறகும், கூடி நின்ற மக்களின் நடுவே நடந்து தம் அலுவலகத்துக்குப் பணிக்குச் சென்றிருந்தார். தோழி எதைக் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. என்னிடம் பதில் இல்லை.

சந்தைக்கும் நீதிபதிக்கும் என்ன உறவு

அதுவரை எனக்கு உறுதியான ஒரு கருத்து இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அடிப்படையில் ஒரு சந்தை. பொருளின் தரம், சுங்கம், போட்டி விதிகள், பயணிகளின் உரிமை ஆகியவற்றை அது ஒழுங்கு செய்யட்டும். ஒரு நாடு தன் நீதிபதிகளை எப்படி நியமிக்கிறது, எந்த வயதில் வீட்டுக்கு அனுப்புகிறது என்பது அந்நாட்டு மக்களும் அவர்களுடைய நாடாளுமன்றமும் பார்த்துக்கொள்ள வேண்டியது. வார்சாவில் இருந்த போலந்து அரசைப் பிடிக்காதவர்களிடமும் நான் இதையே வாதிட்டிருக்கிறேன். தேர்தலில் வென்று வந்த ஓர் அரசைத் தேர்தலில் நிற்காத அதிகாரிகள் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து கண்டிப்பது, காலனி ஆட்சியின் நினைவோடு வளர்ந்த எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்த உறுத்தலை நான் இப்போதும் மதிக்கிறேன். ஆனால் அதன் அடியில் இருந்த அனுமானம், அதாவது சந்தை வேறு நீதிமன்றம் வேறு என்பது, தவறு என்பதை அந்த நான்கு பக்கத் தாள்தான் எனக்குக் காட்டியது.

ஒன்றியத்தின் விதிகளை நடைமுறைப்படுத்துவது யார் என்று யோசித்துப் பாருங்கள். 45 கோடிக்குச் சற்று மேற்பட்ட மக்களுக்கு ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் வேலை பார்ப்பவர்கள் சுமார் 32,000 பேர். ஒன்றியத்துக்கென்று தனியாகச் சுங்கச் சாவடி கிடையாது, ஜப்தி செய்யும் அமீனா கிடையாது, சிறை கிடையாது. 1963 பிப்ரவரியில் லக்சம்பர்க் நீதிமன்றம், அதாவது அந்நகரில் உள்ள இன்றைய ஒன்றியத்தின் நீதிமன்றம், அளித்த ஒரு தீர்ப்பில் இதன் வேர் இருக்கிறது. வான் கென்ட் என் லோஸ் என்ற டச்சுப் போக்குவரத்து நிறுவனம் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வேதிப்பொருளைக் கொண்டுவந்தது. பொதுச் சந்தையைத் தோற்றுவித்த ரோம் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது அதற்கு 3 சதவீதமாக இருந்த வரியை நெதர்லாந்து 8 சதவீதமாக வசூலித்தது. உடன்படிக்கையைக் காட்டி அந்த நிறுவனம் உள்நாட்டுச் சுங்கத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டது. தீர்ப்பாயம் லக்சம்பர்க்கிடம் விளக்கம் கேட்டது. உடன்படிக்கை நாடுகளை மட்டும் கட்டுப்படுத்தும் காகிதம் அல்ல, சாதாரண மனிதரும் நிறுவனமும் தம் ஊர் நீதிமன்றத்திலேயே அதைக் காட்டி உரிமை கேட்கலாம் என்று பதில் வந்தது. வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு இது பழைய கதை. நான் கவனிக்கத் தவறியது அதன் மறுபக்கத்தை. அன்றிலிருந்து பொதுச் சந்தையின் காவல், ஒவ்வோர் உறுப்பு நாட்டிலும் இருக்கும் சாதாரண உள்ளூர் நீதிபதியின் கையில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. உள்ளூர் அரசு விதியை மீறும்போது அந்த அரசுக்கு எதிராகத் தீர்ப்பளிக்க வேண்டியவரும் அதே அரசிடம் சம்பளம் வாங்கும் அந்த நீதிபதிதான். அவருக்கு அச்சம் வந்துவிட்டால் சந்தை விதி அந்த நாட்டில் ஏட்டுச் சுரைக்காய்.

லிஸ்பனில் தோற்றவர்கள்

இந்த உண்மையை ஐரோப்பிய நீதிமன்றமே மிகத் தாமதமாகத்தான் வெளிப்படையாகச் சொன்னது. ஹங்கேரியில் நடந்தது நல்ல உதாரணம். 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டங்கள் நீதிபதிகளின் கட்டாய ஓய்வு வயதை 70லிருந்து திடீரென்று 62ஆகக் குறைத்தன. அனுபவம் மிக்கவர்களும் நீதிமன்றங்களுக்குத் தலைமை தாங்கியவர்களும் ஒரே வீச்சில் வெளியேற்றப்பட்டார்கள். ஆணையம் வழக்குப் போட்டது. 2012 நவம்பர் 6ஆம் தேதி ஹங்கேரி தோற்றது. ஆனால் எந்த அடிப்படையில்? வேலைவாய்ப்பில் வயதைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்ற தொழிலாளர் விதியின் அடிப்படையில். ஒரு தொழிற்சாலை தன் ஊழியர்களை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பினால் எந்தச் சட்டம் பொருந்துமோ அதே சட்டம். நீதித்துறையின் சுதந்திரம் என்ற சொல்லுக்கு அந்த வழக்கில் இடமே இல்லை. விளைவும் அப்படியே அமைந்தது. பலருக்கு இழப்பீடு கிடைத்தது. அவர்கள் விட்டுச் சென்ற தலைமை நாற்காலிகளில் அதற்குள் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டிருந்தார்கள். வழக்கில் வென்றும் பயனில்லாமல் போனது.

திருப்பம் வந்தது போர்ச்சுகலிலிருந்து. தோழியின் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்த தீர்ப்புகளில் என்னை மிகவும் நிறுத்தி வைத்தது இதுதான். கடன் நெருக்கடியில் மாட்டிக்கொண்ட போர்ச்சுகல், 2014இல் ஒரு சட்டத்தின் மூலம் அரசு ஊழியர்களின் சம்பளத்தைத் தற்காலிகமாகக் குறைத்தது. குறைக்கப்பட்டவர்களில் அந்நாட்டின் தணிக்கை நீதிமன்ற நீதிபதிகளும் இருந்தார்கள். சம்பளத்தைக் குறைப்பது எங்கள் சுதந்திரத்தில் கை வைப்பதாகும் என்று நீதிபதிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. விவகாரம் லக்சம்பர்க் வரை போனது. 2018 பிப்ரவரி 27ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் தோற்றார்கள். எல்லா அரசு ஊழியர்களுக்கும் பொதுவாக, தற்காலிகமாக, வரம்போடு செய்த குறைப்பில் தவறில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. செய்தித்தாளில் இரண்டு வரிச் செய்தியாக முடிந்திருக்க வேண்டிய வழக்கு அது.

ஆனால் அந்த முடிவுக்குப் போகும் வழியில் நீதிமன்றம் வேறொன்றைச் சொல்லிவைத்தது. ஒன்றியத்தின் உடன்படிக்கையில் 19ஆம் பிரிவு, ஒன்றியச் சட்டம் தொடும் துறைகளில் மக்களுக்குப் பயனுள்ள சட்டப் பாதுகாப்பு கிடைக்க ஒவ்வோர் உறுப்பு நாடும் வழி செய்ய வேண்டும் என்கிறது. பாதுகாப்பு தர வேண்டியது நீதிமன்றம் என்றால் அந்த நீதிமன்றம் சுதந்திரமாக இருந்தாக வேண்டும். ஒன்றியச் சட்டத்தைப் பயன்படுத்த நேரக்கூடிய எந்த உள்நாட்டு நீதிமன்றமாக இருந்தாலும் இந்தக் கடமை பொருந்தும். அப்படி நேராத நீதிமன்றம் இன்று ஒன்றியத்தில் அநேகமாக இல்லை. ஆக, ஒரு நாட்டு நீதிமன்றத்தின் சுதந்திரம் அந்த நாட்டின் சொந்த விஷயம் மட்டுமல்ல, எல்லோருக்கும் பொதுவான சட்டக் கடமை என்பது, லிஸ்பன் நீதிபதிகளின் சம்பளத்தை வைத்துச் சொல்லப்பட்டுவிட்டது. போலந்தைப் பற்றி அத்தீர்ப்பில் ஒரு வார்த்தை கிடையாது. அன்று போலந்தில் நடந்துகொண்டிருந்ததை அறிந்த எவருக்கும், அது எந்தத் திசையைப் பார்த்து எழுதப்பட்டது என்பதில் சந்தேகம் இருந்திருக்காது.

அதன் பலன் சில மாதங்களிலேயே தெரிந்தது. போலந்தின் புதிய சட்டம் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70லிருந்து 65ஆகக் குறைத்தது. தொடர விரும்புபவர் குடியரசுத் தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி தரவோ மறுக்கவோ அவருக்கு எந்த அளவுகோலும் கிடையாது. பணியில் இருந்த 72 பேரில் 27 பேர் இதில் சிக்கினார்கள். அரசியல் சாசனம் ஆறு ஆண்டுப் பதவிக் காலம் தந்திருந்த கெர்ஸ்டோர்ஃபும் அவர்களில் ஒருவர். இம்முறை லக்சம்பர்க்குக்குத் தொழிலாளர் சட்டத்தின் துணை தேவைப்படவில்லை. 2018 அக்டோபர் 19ஆம் தேதி இடைக்கால உத்தரவு பிறந்தது. நீதிபதிகள் பணிக்குத் திரும்பினார்கள். நவம்பரில் போலந்து நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தியது. 2019 ஜூன் 24ஆம் தேதி இறுதித் தீர்ப்பும் போலந்து அரசுக்கு எதிராகவே வந்தது. ஹங்கேரியில் கைவிட்டுப் போனது வார்சாவில் காப்பாற்றப்பட்டது. இடையில் மாறியது ஒன்றே ஒன்று: நீதிபதியின் நாற்காலியை வேலைவாய்ப்பாகப் பார்த்தவர்கள் அதைச் சட்டத்தின் அஸ்திவாரமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். சம்பள வழக்கில் தோற்ற போர்ச்சுகல் நீதிபதிகள் தாங்கள் என்ன கொடுத்துவிட்டுப் போனோம் என்று நினைத்திருப்பார்களோ தெரியவில்லை. எனக்கு அவர்கள்மேல் பெரும் நன்றி உண்டு.

டப்ளினில் கேட்கப்பட்ட அதே கேள்வி

தோழி என் வீட்டு மேசையில் கேட்ட கேள்வியை, அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே டப்ளினில் ஒரு நீதிபதி நீதிமன்றத்திலேயே கேட்டிருந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். போதைப்பொருள் வழக்கில் தேடப்பட்ட ஒருவரைப் பிடித்து ஒப்படைக்கும்படி போலந்து நீதிமன்றங்கள் அயர்லாந்துக்குப் பிடியாணை அனுப்பியிருந்தன. உறுப்பு நாடுகளுக்கிடையில் இதுவும் என் நான்கு பக்கத் தாள் போன்றதே. அனுப்பியவரை நம்பி நிறைவேற்ற வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதி ஐலீன் டானலி 2018 மார்ச்சில், அங்கே சட்டத்தின் ஆட்சி சிதைந்திருக்கும்போது நான் இந்த மனிதரை அனுப்பலாமா என்று லக்சம்பர்க்கிடம் கேட்டார். ஜூலை 25ஆம் தேதி பதில் வந்தது. முதலில் அந்நாட்டு நீதித்துறையில் பொதுவான, அமைப்பு சார்ந்த குறை இருக்கிறதா என்று பார்; இருந்தால், அந்தக் குறை குறிப்பாக இந்த மனிதருடைய வழக்கைப் பாதிக்கும் உண்மையான ஆபத்து இருக்கிறதா என்று பார்; இரண்டும் இருந்தால் மட்டும் நிறுத்து.

இந்த இரண்டாம் படி எனக்குத் திருப்தி தரவில்லை. இன்றும் தரவில்லை. ஒரு நாட்டில் நீதிபதிகளை ஒழுங்கு நடவடிக்கை காட்டி மிரட்ட முடியும் என்றால், அந்த மிரட்டல் எந்தக் குறிப்பிட்ட வழக்கில் எந்தக் குறிப்பிட்ட நீதிபதியின் மனத்தில் வேலை செய்தது என்பதைக் கைதி எப்படி நிரூபிப்பார்? அச்சம் தடயம் விட்டுச் செல்வதில்லை. டானலி அம்மையார் இரண்டு படிகளையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அதே ஆண்டு நவம்பரில், பொதுக் குறை இருந்தாலும் இந்த மனிதரின் வழக்கில் ஆபத்து நிறுவப்படவில்லை என்று ஒப்படைக்க உத்தரவிட்டார். விதி அப்படி, அவரால் வேறு செய்திருக்க முடியாது. லக்சம்பர்க் ஏன் இந்த இடத்தில் நின்றது என்பதும் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு நீதிபதியும் பக்கத்து நாட்டை ஒட்டுமொத்தமாக நம்ப மறுக்கத் தொடங்கினால், ஜீவனாம்ச உத்தரவு, குழந்தையின் பராமரிப்பு உத்தரவு, என்னைப் போன்றவர்களின் சிறுதொகைத் தீர்ப்பு என எல்லாமே எல்லையில் நின்றுவிடும். அதனால் பாதிக்கப்படுவது போலந்து அரசு அல்ல, போலந்து மக்கள். நம்பிக்கையை நிறுத்துவது தண்டனையாக மாறினால் அது போய் விழும் இடம் தவறான இடம்.

இதைத் தோழியிடம் சொன்னபோது அவர் ஏற்றுக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 2020 ஜனவரி 11ஆம் தேதி வார்சாவுக்குப் போய் வந்தார். அன்று போலந்து நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் தங்கள் அங்கிகளை அணிந்துகொண்டு உச்ச நீதிமன்றத்திலிருந்து நாடாளுமன்றம் நோக்கி அமைதியாக நடந்தார்கள். ஒன்றியச் சட்டப்படி கேள்வி எழுப்பும் நீதிபதியையே தண்டிக்க வழி செய்யும் ஒரு மசோதா அப்போது நாடாளுமன்றத்தில் இருந்தது. ஆயிரம் அங்கிகளின் பேரணி என்று அதற்குப் பெயர். பல ஐரோப்பிய நாடுகளிலிருந்து நீதிபதிகள் தங்கள் நாட்டு அங்கிகளோடு வந்து கூட நடந்தார்கள். அயர்லாந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரும் அவர்களில் இருந்தார். பேசக் கூடாத, வீதிக்கு வரக் கூடாத தொழில் அது. நிறமும் கழுத்துப்பட்டையும் வெவ்வேறாக இருந்த அந்த அங்கிகளைப் பார்த்தபோது, என் நான்கு பக்கத் தாளில் இருந்த இரண்டு நாட்டு முத்திரைகள் நினைவுக்கு வந்ததாகத் தோழி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கார்ல்ஸ்ரூஹேயின் சுமை

நான் வாழும் நாட்டின் பங்கைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாக இராது. 2020 மே 5ஆம் தேதி, கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், ஐரோப்பிய மத்திய வங்கி அரசுப் பத்திரங்களை வாங்கியது தொடர்பான வழக்கில், லக்சம்பர்க் நீதிமன்றம் தன் அதிகார எல்லையை மீறிவிட்டது, ஆகவே அதன் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது. வார்சாவில் அன்றைய ஆட்சியாளர்கள் அதை வெளிப்படையாக வரவேற்றார்கள். 2021 அக்டோபர் 7ஆம் தேதி போலந்தின் அரசியல் சாசனத் தீர்ப்பாயம், ஒன்றிய உடன்படிக்கையின் சில அடிப்படைப் பிரிவுகளே தன் நாட்டு அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதவை என்று சொன்னபோது, "நாங்கள் ஜெர்மனியைப் பின்பற்றுகிறோம்" என்ற வாதம் தயாராக இருந்தது.

இரண்டும் ஒன்றல்ல என்பது என் உறுதியான கருத்து. கார்ல்ஸ்ரூஹே யாருக்கும் கைகட்டி நிற்காத நீதிமன்றம். அது அன்று அளித்த தீர்ப்பு ஜெர்மன் அரசுக்குச் சங்கடமானது. வார்சா தீர்ப்பாயத்தின் நீதிபதிகளில் சிலர் முறைகேடாக அமர்த்தப்பட்டவர்கள் என்பது நீண்ட காலச் சர்ச்சை. அந்த வழக்கையே பிரதமர்தான் அதன்முன் கொண்டுபோனார். ஆயினும் சேதத்தை நான் மறுக்க மாட்டேன். பெரிய நாடு ஒரு முறை விதியைத் தள்ளி வைத்தால், சிறிய நாட்டுக்கு அதைப் போதிக்கும் தகுதி அந்த அளவுக்குக் குறைகிறது. 2003 நவம்பரிலும் இப்படித்தான் நடந்தது: பட்ஜெட் பற்றாக்குறைக்கு ஒன்றியம் விதித்த வரம்பை மீறிய ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் எதிரான நடவடிக்கையை நிதியமைச்சர்கள் நிறுத்தி வைத்தார்கள், அடுத்த ஜூலையில் லக்சம்பர்க் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அன்று சிறிய நாடுகள் கசப்போடு பார்த்துக்கொண்டிருந்தன. ஜெர்மானிய நண்பர்களிடம் இதைச் சொன்னால், "அது வேறு விஷயம்" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பணத்தால் செய்ய முடிந்ததும் முடியாததும்

நீதிமன்றத் தீர்ப்புகள் போதாதபோது ஒன்றியம் பணத்தைக் கையில் எடுத்தது. 2021 அக்டோபர் 27ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளைத் தண்டிக்க அமைத்த ஒழுங்கு நடவடிக்கை அமர்வை நிறுத்தி வைக்காததற்காகப் போலந்துக்கு நாள் ஒன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. இதற்கிடையில், சட்டத்தின் ஆட்சி குலைந்து பொது நிதிக்கு ஆபத்து வந்தால் நிதியை நிறுத்தலாம் என்ற புதிய விதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. ஹங்கேரியும் போலந்தும் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகள் 2022 பிப்ரவரியில் தள்ளுபடியாயின. அந்த ஆண்டு டிசம்பரில் ஹங்கேரிக்கான சுமார் 630 கோடி யூரோ நிறுத்தப்பட்டது. நான் அப்போது மகிழ்ந்தேன். பணத்தின் மொழி எல்லோருக்கும் புரியும் என்று நினைத்தேன்.

ஓர் ஆண்டு கழித்து அந்த மகிழ்ச்சி கரைந்தது. 2023 டிசம்பர் 13ஆம் தேதி, ஹங்கேரி நீதித்துறையில் போதிய திருத்தங்களைச் செய்துவிட்டது என்று சொல்லி, வேறொரு கணக்கில் முடக்கி வைத்திருந்த சுமார் 1,020 கோடி யூரோவை ஆணையம் விடுவித்தது. மறுநாள் தலைவர்களின் உச்சி மாநாடு. உக்ரைனை ஒன்றியத்தில் சேர்ப்பதற்கான பேச்சுவார்த்தையைத் தொடங்க எல்லா நாடுகளும் ஒப்ப வேண்டியிருந்தது. ஹங்கேரியின் பிரதமர் விக்தோர் ஓர்பான் முடிவெடுக்கும் நேரத்தில் அறையை விட்டு வெளியே போனார்; மீதி 26 பேரும் முடிவெடுத்தார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஆணையம் சொன்னது. ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை ஏற்காமல் 2024 மார்ச்சில் ஆணையத்தின்மீதே வழக்குத் தொடுத்தது. உக்ரைன் உள்ளே வர வேண்டும் என்று நான் முழு மனத்தோடு விரும்புகிறேன். ஆனாலும் நீதிபதிகளின் சுதந்திரம் பேரம் பேசும் மேசைக்கு வந்துவிட்டதோ என்ற ஐயம் ஒரு முறை எழுந்துவிட்டால், அடுத்த முறை நிதியை நிறுத்தும்போது அதைச் சட்டம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். விலை என்றுதான் நினைப்பார்கள்.

போலந்தின் விஷயத்திலும் எனக்கு இதே கலக்கம் உண்டு. 2023 அக்டோபர் தேர்தலில் மக்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள், ஆட்சி மாறியது, டொனால்ட் டுஸ்க் டிசம்பரில் பிரதமரானார். 2024 பிப்ரவரியில் ஆணையம் போலந்துக்கு முடங்கியிருந்த 13,700 கோடி யூரோ வரையிலான நிதிக்கு வழி திறந்தது. மே மாதத்தில் சட்டத்தின் ஆட்சி சிதைவதாகச் சொல்லி ஒன்றிய உடன்படிக்கையின் 7ஆம் பிரிவின் கீழ் 2017 முதல் நடந்துவந்த நடவடிக்கையையும் முடித்துக்கொண்டது. அப்போது மாறியிருந்தது ஆட்சியும் அதன் வாக்குறுதியும். பெரும்பாலான சட்டங்கள் அப்படியே இருந்தன. குடியரசுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் அவற்றை மாற்றவும் முடியவில்லை. நல்லவர்கள் வந்துவிட்டார்கள் என்பதற்காகக் கணக்கை முடிப்பது சட்டத்தின் ஆட்சி ஆகுமா? ஆள் மாறினாலும் நிற்கும் ஏற்பாட்டைத்தானே அப்படி அழைக்கிறோம்? இந்த விஷயத்தில் தோழியும் நானும் ஒரே பக்கத்தில் நிற்கிறோம். மற்றவர்களோ எங்கள் கவலை மிகையானது என்கிறார்கள்.

நியமனத் தேதி

2018க்குப் பிறகு, நீதிபதிகளைப் பரிந்துரைக்கும், அரசியல் கட்டுப்பாட்டுக்கு உள்ளான நீதித்துறைக் குழுவின் வழியாகப் போலந்தில் நியமனமும் பதவி உயர்வும் பெற்ற நீதிபதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தக் கட்சியோடும் உறவில்லாத, சட்டம் படித்து முறைப்படி தேர்வெழுதி வந்த இளைஞர்கள். எல்லோரையும் நீக்கினால் முந்தைய அரசு செய்ததையே புதிய அரசும் செய்ததாகிவிடும். எல்லோரையும் அப்படியே விட்டால் அவர்களுடைய தீர்ப்புகளின்மேல் கேள்விக்குறி நிற்கும். அவர்கள் எழுதியவை அத்தனையையும் செல்லாதவை என்றால், விவாகரத்து பெற்றவரும் வீடு வாங்கியவரும் கடன் மீட்டவரும் நடுத்தெருவில் நிற்பார்கள். உடைத்தவர்களுக்குச் சில மாதங்கள் போதுமாயிருந்தன. ஒட்டவைக்க எத்தனை ஆண்டுகள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

2024 இறுதியில் ஒரு மாலை தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மேசையில் ஒரு போலந்துத் தீர்ப்பு இருந்தது. டிரெஸ்டனில் வாழும் ஒருவர் தம் முன்னாள் மனைவிக்குக் கொடுக்க வேண்டிய தொகை பற்றியது. ஜெர்மன் மொழியில் ஆக்கி மறுநாள் கொடுக்க வேண்டும். இப்போதெல்லாம் சில வாடிக்கையாளர்கள் தம்மிடம் புதிதாக ஒன்றைக் கேட்கிறார்கள் என்றார் அவர்: கையெழுத்திட்ட நீதிபதி எந்த ஆண்டு நியமிக்கப்பட்டவர்? பழைய ஆளா, புதிய ஆளா? நான் அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். நீதிபதியின் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, கழுகு பொறித்த வட்ட முத்திரை இருந்தது. "இந்தத் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, தோழி அகராதியை இழுத்து வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினார்.